யாரு போடுவா?

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். கச்சிராயபாளையத்தில் பாதி வீடுகளுக்கு அப்படித்தான். அந்த மலைக்கு மேலே கரியாலூரில் என் தங்கை இருக்கிறாள். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனாலும் அவள் வீட்டில் நான் ஒரு ராத்திரி தங்கி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. காலையில் போவேன், சாயந்தரம் திரும்பிவிடுவேன். அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ. விடிகாலை ஐந்தரை மணிக்கு நான் எங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும். அந்த நேரத்தில்தான் என் மாமனார் குளிப்பார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கரும்பு வயலில் வரப்பு வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். அன்றிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். பச்சைத் தண்ணீர் மேலே பட்டால் உள்ளே இருக்கும் கம்பி சில்லிட்டுப்போய் எலும்பைக் கவ்விக்கொள்ளும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். அதனால் சித்திரை வெயிலிலும் சுடுதண்ணீர்தான்.

முதலில் கொல்லையில் கல் கூட்டி, காய்ந்த கரும்புத் தோகையை எரித்துக் காய வைத்தேன். பிறகு ஹீட்டர் கம்பி வந்தது. பக்கெட்டில் தொங்கவிடுகிற கம்பிதான். தண்ணீர் பிடித்து, கம்பியைத் தொங்கவிட்டு, சுவிட்ச்சைப் போட்டு, யாரும் அதில் கை வைத்துவிடாமல் பார்த்துக்கொண்டு, சூடானதும் நிறுத்தி, கம்பியை எடுத்துவிட்டு, பக்கெட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போக வேண்டும். எங்கள் ஊர் உப்புத் தண்ணீருக்கு அந்தக் கம்பியின் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். மாதம் ஒரு தடவை கத்தியால் சுரண்டுவேன்.

வேறு யாரும் இல்லை. மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். எங்கள் வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். முதல் டிரிப் அவருடையது, நான்கு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். மாமனாரோ சுவிட்ச்சைத் தொடமாட்டார். வாலிப வயசில் கிணற்று மோட்டாரைப் போடப்போய், ஷாக் அடித்துத் தூக்கி எறியப்பட்டவர் அவர். அதற்குப் பிறகு எந்த சுவிட்ச்சிலும் அவர் விரல் பட்டதில்லை. நான் கடைக்குப் போய்த் திரும்ப நேரமாகிவிட்டால், இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

"லைட்டப் போட்டுக்கினா இன்னா மாமா?" என்று கேட்பேன்.

"நீதான் வந்துடுவியே" என்பார்.

ஆடி மாதத்தில் தங்கை போன் செய்தாள். அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆயுத பூஜை வாக்கில் ஆபரேஷன்.

"வூட்டுக்கு வந்தப்புறம் பத்து நாளு குனியக் கூடாதாம், எதையும் தூக்கக் கூடாதாம். பசங்க ரெண்டு பேரும் ஹாஸ்டல்ல இருக்குறானுங்க. இவரு டீக்கடைய வுட்டுட்டு என்னைப் பாத்துக்கினு இருக்க முடியுமா? நீ வர்றியாக்கா?"

"வர்றேன்" என்றேன். போனை வைத்த பிறகுதான் விடிகாலை ஐந்தரை மணி ஞாபகத்துக்கு வந்தது.

அதே வாரம் ஹீட்டர் கம்பி 'பட்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றுபோனது. எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. மகள் குடியிருக்கும் வீட்டில் பாத்ரூம் சுவரில் ஒரு ஹீட்டர் மாட்டியிருந்தார்கள். குழாயைத் திருகினால் சுடுதண்ணீர் வரும். அது போல ஒன்று இருந்தால் மாமனார் தானே குளித்துக்கொள்வார். நான் பத்து நாள் மலைக்குப் போகலாம்.

இதை அப்படியே வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "கம்பி போயிடுச்சிங்க. பக்கெட்டு தூக்க முடியலிங்க. செவுத்துல மாட்டுறதா ஒண்ணு வாங்கிடலாங்க" என்று மட்டும் சொன்னேன். எனக்கு எதையும் கேட்பதற்கு முன்னாலேயே, 'முடியாது' என்கிற பதில் காதில் கேட்டுவிடும். பத்தாவது வரைக்கும் படித்தேன். விடை தெரிந்தும் வகுப்பில் ஒரு நாளும் கை தூக்கியதில்லை.

பக்கெட்டு என்றதும் அவர் ஒப்புக்கொண்டார். ஒரு விடுமுறை நாளில் இருவரும் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். பஸ்ஸில் வரும்போதே கடையில் கேட்க வேண்டிய கேள்வியை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஒரே கேள்விதான்.

கடைக்காரர் எங்கள் வீட்டுக்காரரின் பஸ்ஸில் வருகிறவர்.

"வாங்கண்ணே, வாங்கக்கா. இன்னா பாக்குறீங்க, கீசரா?"

"ஹீட்டருப்பா. சுடுதண்ணிக்கு."

"அதாண்ணே கீசரு."

சுவர் முழுக்கப் பால் கேன்களைக் கவிழ்த்து மாட்டியது போல வெள்ளை வெள்ளையாகத் தொங்கின. அவர் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார்.

"இது பதினஞ்சு லிட்டரு. தண்ணிய உள்ளாற சுட வெச்சி வெச்சிக்கும். பெரிய குடும்பத்துக்கு. இது மூணு லிட்டரு. போட்ட ஒரு நிமிஷத்துல சூடு கையில. குளிக்கிற வரைக்கும் ஓடணும், குளிச்சதும் நிறுத்திடணும். வூட்ல எத்தினி பேருண்ணே?"

"மூணு பேரு. சுடுதண்ணி அப்பாவுக்கு மட்டுந்தான்."

"அப்ப மூணு லிட்டரே ஜாஸ்தி."

என் கேள்விக்கு நேரம் இதுதான் என்று தெரிந்தது. ஹீட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "இத... யாரு போடுவா?"

"எங்க ஆளே வந்து போட்டுக் குடுத்துடுவாருக்கா. அதுக்குத் தனியா எதுவும் குடுக்க வேணாம்."

"அதில்லிங்க... தெனம்... காலையில..."

"தெனமும் போடலாங்க்கா. ஒண்ணும் ஆவாது. ரெண்டு வருஷம் வாரண்டி இருக்குது."

வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா கேக்குற?"

"ஒண்ணுமில்லிங்க."

கடையின் கோடியில் சோலார் ஹீட்டரின் படம் ஒட்டியிருந்தது. மொட்டை மாடியில் வெயிலைப் பார்த்தபடி சாய்ந்து கிடக்கிறது. அதற்கு சுவிட்ச்சே கிடையாது என்று மகள் ஒரு தடவை சொல்லியிருந்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் என் பார்வையைக் கவனித்துவிட்டார்.

"அது நம்ம உப்புத்தண்ணிக்கு ஆவாதுக்கா. கொழாய் அடைச்சிக்கும்."

வாயைத் திறந்து கேட்டதற்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. கேட்காததற்கு உடனே சொல்லிவிட்டார். மூன்று லிட்டர்தான் என்று முடிவானதும் அவர் என் பக்கம் திரும்பி, "கலரு மட்டும் அக்கா சொல்லட்டும். வெள்ளையா, சந்தனக் கலரா?" என்றார்.

"வெள்ளை" என்றேன்.

இரண்டு நாள் கழித்து எலக்ட்ரீஷியன் வந்தார். வீட்டுக்காரர் டூட்டியில் இருந்தார். மாமனார் நாற்காலியைக் கூடத்தில் போடச்சொல்லி உட்கார்ந்து, வேலையை மேற்பார்வை பார்த்தார். ஹீட்டரைச் சுவரில் மாட்டி முடித்த பிறகு எலக்ட்ரீஷியன் என்னிடம் வந்தார்.

"அக்கா, பாத்ரூமு உள்ளாற சுவிட்ச்சு வெக்கக் கூடாது. இதுக்குத் தனி லைன் இழுக்கணும். மெயின் பாக்ஸு உங்க அடுப்படியில இருக்குது. அங்கியே மோட்டாரு சுவிட்ச்சுக்குப் பக்கத்துல போட்டுட்டா வேல சுளுவு. பாத்ரூம் கதவாண்ட வேணும்னா செவுத்தக் கொத்திக்கினு வரணும். எங்க போடட்டும், சொல்லுங்க."

பாத்ரூம் கதவருகே. அந்த இரண்டு வார்த்தையை நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"அடுப்படியிலியே போடுப்பா" என்றார் மாமனார் நாற்காலியில் இருந்தபடி. "அவ கைக்கு எட்டுறாப்ல இருக்கணும். தெனம் போடப் போறது அவதான?"

கடையில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"இன்னாக்கா?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"சரிங்க" என்றேன்.

அடுப்படி போர்டில் இப்போது நான்கு பெரிய சுவிட்ச்சுகள். இடப்பக்கத்திலிருந்து கிரைண்டர், மோட்டார், ஹீட்டர், கடைசியில் எதற்கும் சேராத ஒன்று. நான்கும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. ஹீட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூ சுற்றி, கற்பூரம் காட்டினோம். மறுநாள் காலையில் மாமனார் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"போட்டுட்டியாம்மா?"

"போட்டுட்டேன் மாமா!"

"சூடு வல்லியே!"

"வரும் மாமா!"

"ஏ யப்பா, கொதிக்குது. நிறுத்து!"

"நிறுத்திட்டேன் மாமா!"

"ஆறிப்போச்சி. போடு!"

கம்பி இருந்த காலத்தில் பக்கெட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் என் வேலை முடிந்தது. வாசல் தெளிக்கலாம், மாவு கரைக்கலாம். இப்போது அவர் குளித்து முடிக்கும் வரை போர்டுக்குக் கீழேயே நிற்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னாடி, உங்க வூட்டுக்காரரு ரோட்டுல பஸ்சு ஓட்டறாரு. உங்க மாமனாரு பாத்ரூம்ல ஓட்டறாரா? 'ரைட்டு, ஹோல்டான்'னு ஒரே சத்தம்!"

அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். உள்ளே வந்து போர்டைப் பார்த்ததும் அழுகை வந்தது. பக்கெட்டு தூக்குகிற பாரம் போனது உண்மைதான். நான் அதற்காக மட்டும் கேட்கவில்லையே.

புரட்டாசியில் தங்கைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். இனிமேலும் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு மத்தியானம் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"பத்து நாளா?" ரசச் சோற்றில் அவர் கை நின்றது. "அப்பாவுக்கு ஹீட்டரு யாரு போடுவா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடையில் நான் கேட்டதை அப்படியே இப்போது அவர் கேட்டார்.

"அதுக்குத்தாங்க நான் ஹீட்டரே கேட்டேன்."

"அத அன்னிக்கே சொல்றதுக்கின்னா?"

அவர் கெட்டவர் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "மூணு நாளு மத்தியான டூட்டி மாத்திக்கிறேன். அதுக்கு மேல தரமாட்டாங்க. நாலாம் நாளு நீ வந்துடு" என்றார்.

"அப்புறம் அவளுக்கு யாருங்க?"

அவர் நான்கு மணிக்குக் கிளம்பும்போது ஹீட்டரைப் போட்டுவிட்டுப் போகலாமே என்றேன். "வெடிச்சுதுன்னா?" என்றார். பக்கத்து வீட்டு அக்காவை வந்து போடச் சொல்லலாம் என்றேன். இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமனார், "அந்தம்மா வந்து சுவிட்ச்சு போட, நான் துண்டக் கட்டிக்கினு உள்ள நிக்கணுமா? மானம் போவறதுக்கா?" என்றார்.

அன்று சாயந்தரம், எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை, மாமனார் எதிரில் போய் நின்றேன். "நீங்களே போடக் கத்துக்குங்க மாமா" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "மரத்துல கரண்டு பாயாது இல்ல?" என்றுதான் கேட்டார்.

மோர் கடைகிற மத்தை எடுத்துக் கொடுத்தேன். நெற்றிக்கு வைக்கிற ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து பெரிய சிவப்புப் பொட்டு ஒன்றைக் கிள்ளி ஹீட்டர் சுவிட்ச்சின் மேல் ஒட்டினேன். "பொட்டு வெச்சது எதுவோ அதான் மாமா. மத்ததப் பாக்கவே பாக்காதீங்க."

முதல் நாள் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் வாக்கரைப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு மத்தின் காம்பால் குத்தினார். சுவரில்தான் பட்டது. மூன்றாம் நாள் சுவிட்ச்சில் பட்டுச் சிவப்பு விளக்கு எரிந்தபோது, கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "எரியுது பார்ரா!" என்று பொக்கை வாயால் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அடுத்த நாள் தானே போட்டு, தானே குளித்து, தானே வந்து நிறுத்தினார். நான் அடுப்படிக்குள் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தேன். எதிரே மலை பச்சையாக இருந்தது.

தங்கையை நானும் அவள் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கரியாலூருக்கு அழைத்துப் போனோம். அருவிக்குப் போகிற ரோட்டில் அவள் வீட்டுக்காரர் டீக்கடை வைத்திருக்கிறார். லீவு நாட்கள் என்பதால் கூட்டம் வரும். ஐந்து மணிக்கே அடுப்புப் பற்றவைக்கப் போய்விடுவார். அதற்குப் பிறகு வீட்டில் நானும் தங்கையும்தான். அவளால் தானாக எழுந்திருக்க முடியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலைக் கீழே தொங்கவிட்டு, அவள் இரண்டு கையையும் என் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லி, மெதுவாகத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். ஆறரை மணிக்கு விழிப்பாள். விழித்ததும் வெளியே போக வேண்டும் என்பாள்.

அந்த வீட்டுக்குள் போனுக்கு சிக்னல் கிடையாது. இருநூறு அடி தள்ளி, ரோட்டு வளைவில், மாதா கோயில் சுவரோரம் நின்றால்தான் கிடைக்கும். முதல் மூன்று நாளும் காலை ஐந்தரைக்கு நான் அங்கே போய் நின்றேன். அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டுக்காரர் வீட்டில்தான் இருந்தார். என்னை யாரும் நிற்கச் சொல்லவில்லை. பனியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் போனோடு நின்றுவிட்டு, எதுவும் வராததும் திரும்பிவிடுவேன்.

மூன்றாம் நாள் ஆயுத பூஜை. சாயந்தரம் வளைவுக்குப் போய் நானே போன் செய்தேன். வீட்டுக்காரர் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"பஸ்சுக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் ஏத்தி ஜோரா பண்ணிட்டோம். வூட்லயும் ஒண்ணு வுடாம எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிட்டேன். நீ இல்லன்னு எதுவும் கொறைல."

"நல்லதுங்க" என்றேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நான்காம் நாள் காலையில் வளைவுக்குப் போய் நின்ற கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மாமனார்.

"ம்மா, எல்லாத்துலயும் பொட்டு இருக்குதும்மா."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அந்தப் போர்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. நான்கு சுவிட்ச்சிலும் நான்கு குங்குமப் பொட்டு, நான் ஒட்டின ஸ்டிக்கரின் மேலேயும் சேர்த்து.

"மாமா, உங்களுக்கு வலப்பக்கத்துலேர்ந்து ரெண்டாவது. அதப் போடுங்க."

"ரெண்டாவதா? இரு."

அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஒரு கையில் போன், ஒரு கையில் மத்து. வாக்கரை எந்தக் கையால் பிடித்திருப்பார் என்று நான் நினைக்கும்போதே, 'குர்ர்' என்று மோட்டார் ஓடுகிற சத்தம் போனில் கேட்டது. அவர் இடப்பக்கத்திலிருந்து எண்ணிவிட்டார்.

"மாமா, அது மோட்டாரு. நிறுத்துங்க!"

"நிறுத்த வல்லம்மா... வழுக்குது..."

ஏதோ கீழே விழுகிற சத்தம். அத்தோடு போன் நின்றுவிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வீட்டுக்காரர் வண்டி ஓட்டும்போது போன் எடுக்கமாட்டார். பக்கத்து வீட்டு அக்காவும் எடுக்கவில்லை. மாடித் தொட்டி ராத்திரியே நிரம்பியிருக்கும். மோட்டார் ஓடினால் வழிந்து அடுப்படிப் பின்கதவு வழியாக உள்ளே வரும். ஈரத் தரை, ரப்பர் செருப்பு, வாக்கர், சுவிட்ச் போர்டு. எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

அரை மணி நேரம் அப்படியே நின்றேன். வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் 'போக்கா' என்றுதான் சொல்வாள். அதைக் கேட்கவும் என்னால் முடியாது. அந்த நேரத்தில் கீழே போகிற முதல் பஸ் வளைவில் வந்து நின்றது.

"ஏறுறீங்களாக்கா?" என்றார் கண்டக்டர்.

ஏறிவிட்டேன்.

தங்கைக்கு விழிப்பு வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பஸ் ஒவ்வொரு வளைவாகத் திரும்பி இறங்கியது. கட்டிலில் அவள் கண் திறந்து என்னைக் கூப்பிடுவதை நினைக்காமல் இருப்பதற்காக, ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு மரங்களைப் பார்த்தேன். மூன்றாவது வளைவு தாண்டியதும் போன் அடித்தது.

"ம்மா, நாந்தான்."

"மாமா! வுழுந்துட்டீங்களா?"

"நான் எங்க வுழுந்தேன்? மத்துதான் வுழுந்துது. போனு அடுப்புக்கடியில போயிடுச்சி. குனிஞ்சி எடுக்க முடியுதா எனக்கு? பக்கத்து வூட்டம்மா வந்து எடுத்துக் குடுத்துது. தொட்டி வழிஞ்சி தெருவெல்லாம் தண்ணின்னு திட்டிக்கினே வந்துது."

"மோட்டாரு?"

"அது கொஞ்ச நேரம் ஓடிட்டு நின்னுபோச்சி. கரண்டு போயிடுச்சி. அந்தம்மா சுவிட்ச்சயும் நிறுத்திட்டுப் போயிடுச்சி."

"அப்ப ஹீட்டரு..."

"கரண்டே இல்ல, எத்தினி பொட்டு வெச்சா இன்னா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பச்சத் தண்ணியிலியே குளிச்சிட்டேன்."

"கம்பி... இடுப்பு..."

"ஒண்ணும் ஆவல. சில்லுனு நல்லாத்தான் இருந்துது. அவன்கிட்ட சொல்லாத."

போனை மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்பது வருஷம் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதுவும் நினைக்க வரவில்லை. பஸ் இன்னொரு வளைவில் திரும்பியது. மேலே போகிற அடுத்த பஸ் எப்போது என்று எனக்குத் தெரியும். பத்து மணிக்கு மேல்தான்.

"நிறுத்துங்க" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கே கேட்டிருக்காது.

எழுந்து நின்றேன். தினமும் பாத்ரூமிலிருந்து கேட்கிற அதே குரல் போல என் தொண்டையிலிருந்து வந்தது. "நிறுத்துங்க!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டு வந்தார். "இன்னாக்கா, இப்பதான ஏறினீங்க? எதனா வுட்டுட்டு வந்துட்டீங்களா?"

"ஆமாங்க."

"எத?"

"தங்கச்சிய."

யாரோ சிரித்தார்கள். நான் இறங்கி, மேலே நடக்க ஆரம்பித்தேன். நான்கு வளைவு. ஓடவும் முடியவில்லை, நடக்கவும் பொறுக்கவில்லை. சேலை முழங்கால் வரை பனியில் நனைந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது தங்கை கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பாதி எழுந்து, அதற்கு மேல் எழவும் படுக்கவும் முடியாமல் இருந்தாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது. கையை என் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"எங்கக்கா போயிட்ட?"

"சிக்னலுக்கு."

"இத்தினி நேரமா?"

"கொஞ்சம் கீழ போயிட்டேன்" என்றேன்.

அவள் என் நனைந்த சேலையைப் பார்த்தாள். பத்து நாளும் இருந்துவிட்டுத்தான் வந்தேன். நான்காம் நாள் வரவில்லையே என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "மாமா தானே பாத்துக்கிறாராங்க" என்று சொன்னேன். அவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று சொல்லவில்லை. மற்ற பொட்டுகளைத் துடைக்கச் சொல்லட்டுமா என்று மாமனாரிடம் கேட்டேன். "எதுக்கு? சாமிக்கு வெச்சத அழிக்கக் கூடாது" என்றார். மிச்ச நாளும் பச்சைத் தண்ணீர்தான் என்று எனக்குப் புரிந்தது.

வீட்டுக்குத் திரும்பின மறுநாள் காலை ஐந்தரை மணி. வாக்கர் சத்தம். பாத்ரூம் கதவு சாத்துகிற சத்தம்.

"போட்டுட்டியாம்மா?"

நான் அடுப்படியில் நின்றிருந்தேன். இனிமேல் கூப்பிடமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். பச்சைத் தண்ணீரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போட்டேன். மறுநாளும் போட்டேன்.

எலக்ட்ரீஷியனுக்கு நானே போன் செய்து, சுவிட்ச்சைப் பாத்ரூம் கதவருகே மாற்ற வேண்டும் என்று சொன்னேன். யாரிடமும் கேட்காமல் நான் செய்த போன் அது. "கல்யாண வேல நெறைய இருக்குதுக்கா, முடிச்சிட்டு வர்றேன்" என்றார். இன்னும் வரவில்லை. கார்த்திகையில் தங்கையை மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டு நாள் வந்து தங்குகிறேன் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு நாள் பால் பொங்குகிற நேரத்தில் குரல் வந்தது.

"போட்டுட்டியாம்மா?"

"போட்டுட்டேன் மாமா!" என்று சொல்லிக்கொண்டே பாலை இறக்கினேன். இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, சுவிட்ச்சைப் போடவே இல்லை. உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. சூடு வல்லியே என்று கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. குளித்து முடித்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாக்கரைத் தள்ளியபடி அடுப்படியைத் தாண்டிப் போனார். தலைமயிர் குளிரில் சிலிர்த்து நின்றது.

"இன்னிக்குத் தண்ணி நல்ல சூடும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"சரிங்க மாமா" என்றேன். அவர் கூடத்துக்குப் போய் நாற்காலியில் உட்காருகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு, அவர் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்பது போல, கையை நீட்டி ஹீட்டர் சுவிட்ச்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் அதன் கீழேயே நின்றுவிட்டு நிறுத்தினேன்.